சில்லறை

ஆபீஸ் விட்டு பஸ்ஸில் வந்து பட்டினப்பாக்கத்தில் இறங்கியதும் வீடு இருக்கும் பக்கம் போகாமல் கடல் இருக்கும் பக்கம் திரும்புவது என் பழக்கம். இதில் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றுமில்லை. முதலில் ஒரு தள்ளுவண்டியில் டீ. கண்ணாடி கிளாஸில்தான் வாங்கிக்கொள்வேன். பேப்பர் கப்பில் சூடு விரலுக்குச் சரியாகத் தெரிவதில்லை. டீ பாதியாகும்போது காற்று சட்டைக்குள் புகும். பகல் முழுவதும் ஏர்கண்டிஷன் அறையில் உட்கார்ந்திருந்த உடம்பு அப்போதுதான் தான் ஒரு உடம்பு என்று ஞாபகப்படுத்திக்கொள்கிறது. பிறகு சீனிவாசபுரம் பக்கமாக மணலில் கொஞ்ச தூரம் நடை. தெற்கே அடையாற்றின் முகத்துவாரம். அங்கே, 1967இல் கட்டப்பட்டு 1977 வெள்ளத்தில் ஒரு பகுதியை இழந்து, அதன் பிறகு எந்தக் கரைக்கும் யாரையும் கொண்டு சேர்க்காமல் நிற்கும் முறிந்த பாலம். அது மங்கலாகும்வரை பார்த்துவிட்டுத் திரும்புவேன். வழியில் மீன் விற்கும் ஒரு அம்மாளிடம் நெத்தலியோ காரப்பொடியோ இருந்தால் வாங்கிக்கொள்வேன்.

"இன்னா சார், இன்னிக்கு லேட்டு?"

"கேஷ் டேலி ஆகலைம்மா."

"இப்ப ஆச்சா?"

"ஆச்சு."

"அப்ப இன்னா, வாங்கிக்கினு போ."

வங்கியில் கேஷ் கவுண்டரில் இருப்பவனுக்கு நாள் முடிவில் கையிலிருக்கும் ரொக்கமும் கணக்கும் ஒத்துப்போக வேண்டும். குறைந்தால் அவன் கையிலிருந்து கட்ட வேண்டும். ஒத்துப்போகிற கணத்தில் ஒரு சந்தோஷம் இருக்கிறது. அது எனக்குச் சம்பளம் வாங்கும் நாளில் கிடைப்பதைவிட அதிகம். அந்த அம்மாளுக்கு இது நான் விளக்காமலே புரிந்திருக்கிறது. அவளுக்கும் சாயங்காலம் ஒரு கணக்கு உண்டு.

இவ்வளவுதான். தினமும் ஒன்றரை மணி நேரம். இதைப் பற்றி ஒரு இலக்கியப் பத்திரிகையில் எழுத எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. அந்தக் கூச்சம் எங்கிருந்து வந்தது என்று யோசித்ததன் விளைவே இந்தக் கட்டுரை.

2012இல், எனக்கு இருபத்தைந்து வயது. வங்கியில் சேர்ந்து இரண்டு வருஷம். என் நண்பன் ஒருவன் தன் முதல் கவிதைத் தொகுதியை அனுப்பியிருந்தான். நாற்பது கவிதைகளுக்குள்தான் இருக்கும். விடிகாலையில் குழாயில் தண்ணீர் வரப்போகிறது என்று முன்கூட்டியே சொல்லும் காற்றுச் சத்தம்; இஸ்திரி போட்டு வந்த சட்டையைச் சூடு ஆறுவதற்குள் போட்டுக்கொள்வது; டிகாக்ஷன் இறங்குவதற்காக அம்மா ஃபில்டரை விரலால் ஒரு தட்டுத் தட்டுவது. இப்படியான விஷயங்கள். நான் ஒரு சிறுபத்திரிகையில் இரண்டு பக்கம் மதிப்புரை எழுதினேன். 'இவை சில்லறைச் சந்தோஷங்கள். இவற்றை எவ்வளவு சேர்த்தாலும் ஒரு தரிசனத்துக்கு நோட்டு மாற்ற முடியாது' என்று அதில் ஒரு வாக்கியம். எழுதிய இரவு அந்த வாக்கியத்தைப் பலமுறை வாசித்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். அதுவும் ஒரு சில்லறைச் சந்தோஷம்தான் என்று அப்போது தோன்றவில்லை. பத்திரிகை இருநூறு பிரதிகள் அச்சாகியிருக்கலாம். ஆனால் சிறுபத்திரிகை உலகில் யார் வாசிக்க வேண்டுமோ அவர் வாசித்துவிடுவார். நண்பன் அதற்குப் பிறகு ஒரு கவிதையும் வெளியிடவில்லை.

சில்லறை என்ற சொல்லை ஒரு வங்கிக் குமாஸ்தா வசவாகப் பயன்படுத்தியதில் உள்ள அறியாமை நான்கு வருஷம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. 2016 நவம்பர் 8ஆம் தேதி இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. புழக்கத்தில் இருந்த பணத்தின் மதிப்பில் 86 சதவீதம் அந்த இரண்டு நோட்டுகளில் இருந்தது. 9ஆம் தேதி வங்கிகள் இல்லை. 10ஆம் தேதி கதவைத் திறந்தபோது வெளியே நின்ற வரிசையின் முடிவு எனக்குத் தெரியவில்லை. மணிக்கணக்கில் நின்றவர்களுக்குப் புதிய 2000 ரூபாய் நோட்டைக் கொடுத்து அனுப்பினோம். அந்த நோட்டோடு ஒருவர் எதிர்க்கடையில் டீ குடிக்கப் போய், டீக்கடைக்காரர் கையை விரிக்க, குடிக்காமலே திரும்பியதைக் கவுண்டரிலிருந்து கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அந்த வாரங்களில் பத்து ரூபாய்க் கட்டு வைத்திருந்தவன்தான் சாப்பிட்டான். பெரிய மதிப்பு, அதைச் சின்னதாக மாற்றிக் கொடுக்க ஆள் இருக்கும்வரைதான் மதிப்பு. அந்த 2000 ரூபாய் நோட்டையும் புழக்கத்திலிருந்து விலக்கிக்கொள்வதாக 2023 மே மாதம் அறிவித்துவிட்டார்கள்.

அந்த நவம்பரில் ஒருநாள் வேலை முடிந்து இறங்கியபோது இரவு பத்துமணி இருக்கும். வீட்டுக்குப் போய் யாரிடமும் பேசும் நிலையில் நான் இல்லை. கால் கடல் பக்கம் போயிற்று. அங்கே நான் எதையும் கண்டடையவில்லை. அலை சத்தம் கேட்டது. யாரோ வலையை இழுத்து மடித்துக்கொண்டிருந்தார்கள். அரைமணி நேரம் நின்றுவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன். மறுநாளும் போனேன். பழக்கங்கள் இப்படித்தான் ஆரம்பிக்கின்றன என்று நினைக்கிறேன். தீர்மானித்து ஆரம்பித்தவை எதுவும் என்னிடம் நிலைத்ததில்லை.

இப்போது விமர்சகனுக்கு வருகிறேன். சிறிய சந்தோஷத்தின் மேல் எனக்கிருந்த அவமதிப்பு என் சொந்தச் சரக்கு அல்ல. பி.ஏ. ஆங்கில இலக்கியம் படித்து, அதன் பிறகு தமிழ்ப் புதுக்கவிதைக்குள் வந்தவன் நான். டி.எஸ். எலியட் 1917இலிருந்து 1925 வரை லண்டனில் லாயிட்ஸ் வங்கியில் வேலை பார்த்தார் என்ற தகவல் நான் வேலைக்குச் சேர்ந்த நாட்களில் எனக்குப் பெரிய ஆறுதல். அந்த வருஷங்களின் நடுவே, 1922இல், 'பாழ்நிலம்' வெளிவந்தது. காலையில் லண்டன் பாலத்தைக் கடந்து ஆபீஸுக்குப் போகும் கூட்டம் அதில் செத்தவர்களின் ஊர்வலமாகத் தெரியும். மகத்தான காட்சி என்பதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. ஆனால் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. அந்தக் கூட்டத்தில் ஒருவன் அன்று காலை ரொட்டியைச் சரியான பதத்தில் வாட்டித் தின்றுவிட்டு வந்திருக்கலாம். அந்தச் செய்தி கவிதைக்குள் நுழைய வழியில்லை. கூட்டத்தை வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு அது தெரியாது. அதே கூட்டத்தில் ஒருவராக அந்த நகரத்தில் வேலைக்குப் போனவர்தான் கவிஞர் என்பது இதில் விசேஷம்.

அதே 1922இல்தான் ஜாய்ஸின் 'யுலிஸிஸ்' பாரிஸில் வெளிவந்தது. 1904 ஜூன் 16ஆம் தேதி டப்ளினில் ஒரு விளம்பர ஏஜெண்டின் ஒருநாள். ப்ளூம் காலையில் எழுந்து பூனைக்குப் பால் வைக்கிறான். கசாப்புக் கடைக்குப் போய்ச் சிறுநீரகம் வாங்கி வந்து வாணலியில் போடுகிறான். படுக்கையிலிருக்கும் மனைவிக்கு டீ கொண்டுபோய்க் கொடுத்துப் பேசிக்கொண்டு நின்றதில் சிறுநீரகம் கருகிவிடுகிறது. கருகியதை வெட்டிப் பூனைக்குப் போட்டுவிட்டு மிச்சத்தை ரசித்துத் தின்கிறான். இந்த மனிதனின் மகன் பிறந்து பதினோரு நாளில் இறந்தவன். அப்பா தற்கொலை செய்துகொண்டவர். அன்று பிற்பகல் மனைவியைத் தேடி வேறொருவன் வரப்போகிறான் என்பதும் அவனுக்குத் தெரியும். இவ்வளவும் தெரிந்திருக்கும் அதே வாய்க்குத்தான் அந்த ருசியும் தெரிகிறது. துக்கம் ருசியை ரத்து செய்வதில்லை. ருசி துக்கத்துக்குப் பதில் சொல்வதுமில்லை. இரண்டும் ஒரே சமையலறையில் இருக்கின்றன.

இந்த நாவலைப் பாராட்டி 1923இல் எலியட்டே ஒரு கட்டுரை எழுதினார். புராணத்தை வைத்துச் சமகாலத்தின் குழப்பத்துக்கு ஒரு ஒழுங்கு கொடுக்கும் முறையை ஜாய்ஸ் கண்டுபிடித்துவிட்டார் என்பது அவருடைய வாதம். வாணலியைத் தாண்டிப் புராணத்துக்குப் போய்விட்டார். நாமும் அவர் பின்னாலேயே போனோம் என்பது என் அபிப்பிராயம். 1959இல் சி.சு. செல்லப்பா ஆரம்பித்து 1970 வரை நடத்திய 'எழுத்து' உருவாக்கிய விமர்சன மரபுக்கு நாம் பட்டிருக்கும் கடன் சாதாரணமானதல்ல. ஆனால் அதற்குப் பின்னால் வந்த எங்களிடம் வெறுமைக்கு, அலுப்புக்கு, அந்நியமாதலுக்கு, குரூரத்துக்குச் சொற்கள் இருந்தன. ஒரு கிளாஸ் டீ நன்றாக இருந்தது என்பதற்கு விமர்சனச் சொல் இல்லை. கவிதைகளில் அது இல்லாமல் போகவில்லை. கவிதையில் அது வந்தபோது நாங்கள் 'எளிமை' என்று ஒரு பேரை வைத்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனோம்.

அசோகமித்திரனுக்கு நடந்ததும் இதுதான். தி.நகர் நடேசன் பூங்காவில் உட்கார்ந்து எழுதிய மனிதர் அவர். பூங்கா பெஞ்சு அவருக்கு ஒரு பழக்கம். அதிலிருந்து அவருடைய வாக்கியங்களின் நிதானத்தைத் தனியாகப் பிரிக்க முடியும் என்று நான் நம்பவில்லை. அவருடைய 'தண்ணீர்' நாவலில் சென்னையின் தண்ணீர்ப் பஞ்சத்தில் ஒரு குடம் தண்ணீர் என்பது எவ்வளவு பெரிய சம்பவம். அதைச் சின்ன விஷயம் என்று சொல்லக்கூடியவன், வீட்டில் இன்னொருவர் பிடித்து வைத்த தண்ணீரில் குளிப்பவனாகத்தான் இருக்க வேண்டும். என் நண்பனின் குழாய்ச் சத்தக் கவிதையை நான் கேலி செய்தபோது எங்கள் வீட்டில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தது என் அம்மா.

நமக்கு இதற்குச் சொல்லே இல்லை என்று நான் சொன்னால் அதுவும் தவறு. தொல்காப்பியத்தின் திணைக் கோட்பாட்டில் பெரும்பொழுது, சிறுபொழுது என்ற பாகுபாடு உண்டு. ஆண்டைப் பிரித்தால் பெரும்பொழுது. நாளைப் பிரித்தால் சிறுபொழுது. நாளை ஆறாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் பத்து நாழிகை, நான்கு மணி நேரம். கவிதை நிகழ்வதற்கு அந்தச் சிறிய அளவு போதும் என்று ஒரு மரபு ஏற்றுக்கொண்டிருக்கிறது. அந்தச் சொல்லில் உள்ள 'சிறு' இழிவைக் குறிப்பதல்ல. நெய்தலுக்குச் சிறுபொழுது எற்பாடு. எல் என்றால் சூரியன், பாடு என்றால் படுதல், பகலின் பிற்பகுதி. நான் பஸ்ஸிலிருந்து இறங்கும் நேரத்துக்குச் சற்று முன்பின். கிழக்குக் கரையில் சூரியன் கடலில் விழுவதில்லை. நமக்கு முதுகுப் பக்கம் மந்தைவெளிக் கட்டிடங்களுக்குப் பின்னால் எங்கோ விழுகிறது. கடலில் நிறம் மாறுவது மட்டும்தான் நமக்குத் தெரியும். இதே நெய்தலுக்கு உரிப்பொருளாக வைத்திருப்பது இரங்கலை. கடற்கரை, சாயங்காலம், துக்கம் என்று மூன்றையும் ஒரே இடத்தில் வைத்தவர்கள், சாயங்காலம் துக்கத்தைப் போக்கிவிடும் என்று சொல்லவில்லை. ப்ளூமின் சமையலறையில் நான் பார்த்ததை எனக்கு வீட்டுக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

இந்த இடத்தில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். சிறிய விஷயங்களில் சந்தோஷம் காணுங்கள் என்ற உபதேசம் இப்போது நல்ல வியாபாரம். காலையில் செல்போனைத் திறந்தால் யாராவது ஒருவர் ஒரு பூவின் படத்தோடு அதை அனுப்பியிருக்கிறார். அதற்குப் புத்தகங்கள், பயிற்சி வகுப்புகள். இந்த உபதேசத்தில் எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம்: யார் யாரிடம் சொல்வது இது? சீனிவாசபுரத்தில் நின்று இதை என்னால் உரக்கச் சொல்ல முடியாது. 2004 டிசம்பர் 26 காலையில் கடல் இந்தக் குப்பத்துக்குள் வந்தது. அதற்குப் பிறகும் கடலோர வீட்டு வரிசைகளை அலை அரித்து எடுத்துப் போயிருக்கிறது. குடிசை மாற்று வாரியம் பல பத்தாண்டுகளுக்கு முன் கட்டிய அடுக்குக் குடியிருப்புகள் இருக்கின்றன. வாரியத்தின் பெயரை 2021இல் மாற்றிவிட்டார்கள், சுவர்கள் பழையவை. 2024 டிசம்பரில் அதில் ஒன்றின் ஒரு பகுதி இடிந்து விழுந்து ஓர் இளைஞர் இறந்துபோனார். லூப் ரோட்டில் மீன் விற்றவர்களின் கடைகளைப் போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று 2023 ஏப்ரலில் அகற்றினார்கள். மீனவர்கள் சாலையில் மீனைக் கொட்டி மறித்தார்கள். 2024இல் நொச்சிக்குப்பத்தில் ஒரு மீன் அங்காடி திறக்கப்பட்டது. நான் பொழுதுபோக்காக நடக்கும் மணலில் இவ்வளவு நடந்திருக்கிறது. என் ஒன்றரை மணி நேரம் பிறருடைய நாள் முழுவதன் மேல் உட்கார்ந்திருக்கிறது.

ஆகவே சந்தோஷத்தையும் ஆறுதலையும் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. கடையில் இரண்டு ரூபாய் பாக்கி தர வேண்டிய இடத்தில் சில்லறை இல்லை என்று சொல்லி ஒரு மிட்டாயைக் கையில் வைப்பார்கள். ஆறுதல் அந்த மிட்டாய். தர வேண்டியது வேறு, கொடுத்தது வேறு. வீடு கேட்பவனிடம் கடற்காற்றின் மகிமையைச் சொல்வது அந்த ரகம். சிறிய சந்தோஷம் எந்தப் பாக்கிக்கும் ஈடாக வருவதல்ல. கடன் கடனாகவே நிற்கிறது. அதை யாரும் தள்ளுபடி செய்யவில்லை. இந்த வித்தியாசத்தை மறந்தால் நான் 2012இல் எழுதியதே சரியாகிவிடும்.

ஒரு நாள் நான் போனபோது அந்த அம்மாளின் மீன் தீர்ந்திருந்தது. பாத்திரத்தைக் கடல் தண்ணீரில் அலசிக் கவிழ்த்து, அதன் மேலேயே உட்கார்ந்து, கடலைப் பார்த்து டீ குடித்துக்கொண்டிருந்தாள். செதில் ஒட்டிய கையில் கிளாஸ். நான் பக்கத்தில் போய் நின்றது தெரிந்தும் திரும்பவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "தீந்துபோச்சு, நாளைக்கு வா" என்றாள், கடலைப் பார்த்தபடியே. அந்த டீயில் எனக்குப் பங்கில்லை. அதைப் பார்த்து நெகிழ்ந்துபோகக்கூட எனக்கு உரிமையில்லை என்று அவள் முதுகு சொன்னது. அதே வாரம்தான் அவள் வீட்டுச் சுவரில் ஈரம் ஏறுவதைப் பற்றி என்னிடம் புலம்பியிருந்தாள். டீ நன்றாக இருந்ததால் சுவர் காய்ந்துவிடவில்லை. சுவர் ஈரமாக இருந்ததால் டீ கசந்துவிடவுமில்லை.

பழக்கம் மனிதனை மழுங்கடிக்கிறது என்று ஒரு கட்சி உண்டு. நானும் அதில் இருந்தேன். எனக்கு நடந்தது நேர்மாறாக. தினமும் அதே இடத்தில் நிற்பதால்தான் வித்தியாசம் தெரிய ஆரம்பித்தது. சென்னையில் கோடைப் பகலில் தரை கடலைவிடச் சீக்கிரம் சூடாகிறது. தரைக்கு மேலுள்ள காற்று சூடாகி எழும்ப, கடலின் மேலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வருகிறது. பெரும்பாலும் மதியத்தை ஒட்டி. மே, ஜூனில் மேல்காற்று பலமாக அடித்தால் கடற்காற்று தயங்கிக் கரையிலேயே நிற்கும். தாமதமாகும் நாளில் நகரம் 40 டிகிரியைத் தாண்டும். இதையெல்லாம் புத்தகத்தில் படிக்கலாம். ஆனால் இன்று காற்று தாமதமாக வந்திருக்கிறது என்பதை மணலின் சூட்டை வைத்துச் செருப்பைக் கழற்றியதும் சொல்வதற்கு நூறு சாயங்காலங்களாவது வேண்டும். விமர்சனத்தில் நாம் மதிக்கும் கூர்மை இதிலிருந்து வேறான ஒன்றா என்று எனக்கு இப்போது சந்தேகமாக இருக்கிறது. ஒரு கவியின் நூறு கவிதைகளை வாசித்தவனுக்குத்தான் நூற்றியோராவதில் காற்று திரும்பியது தெரியும். நான் நண்பனின் தொகுதியை ஒரே மாலையில் ஒருமுறை வாசித்துவிட்டு எழுதினேன்.

போன மாதம் அவனுக்கு ஒரு கடிதம் எழுதித் தபாலில் போட்டேன். போனில் பேசினால் இரண்டு பேரும் சீக்கிரம் சிரித்துவிடுவோம் என்று பயம். அந்த வாக்கியம் தவறு, அதை எழுதியவனுக்கு வாசிக்கத் தெரிந்திருக்கவில்லை என்று எழுதினேன். பதினைந்து நாளில் பதில் வந்தது. மதிப்புரை மறந்துபோயிற்று என்று பொய் சொல்ல அவன் முயலவில்லை. எழுதுவதை விட்டதற்கு நான் மட்டும் காரணமில்லை, பெரிதுபடுத்திக்கொள்ளாதே என்று எழுதியிருந்தான். கடைசியில் இரண்டு வரி: 'இப்போது இருப்பது வேறு ஊர், வேறு குழாய். தண்ணீர் வருவதற்கு முன் அதே சத்தம். அதைக் கேட்கவே நாலரை மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது.'

வாசித்ததும் பெரிய நிம்மதி. அவனுக்கு ஒன்றும் போய்விடவில்லை, எல்லாம் அவனிடமே இருக்கிறது என்று. அன்று சாயங்காலம் கடற்கரையில் நின்றபோதுதான் நிம்மதி சரியில்லை என்று பட்டது. சத்தம் அவனிடம் இருக்கிறது. அதைப் பற்றிய கவிதைகள் இத்தனை வருஷமாக நம்மிடம் வரவில்லை. நஷ்டம் அவன் பக்கத்தில் எழுத வேண்டியது அல்ல. கவுண்டரில் ரொக்கம் குறைந்தால் காஷியர் கட்ட வேண்டும் என்று முன்பே சொன்னேன். இந்தக் கட்டுரையை அந்தக் கணக்கில் வரவு வைத்துக்கொள்ளலாம். இதோடு டேலி ஆகிவிடும் என்று நான் நினைக்கவில்லை.